பழைய பிக்கப் வண்டிக்குப் பின் பம்பர்: கனம் வேண்டாம், பொருத்தம் வேண்டும்

காய்கறி, பால், தீவனம், உர மூட்டை என எல்லாவற்றையும் ஏற்றி இறக்கச் சிறு விவசாயிகள் பலர் இன்று பிக்கப் வண்டியையே நம்பியிருக்கிறார்கள். புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டியை வாங்குகிறார்கள். அத்தகைய வண்டிகளில் பின் பம்பர் பெரும்பாலும் அடிபட்டு வளைந்திருக்கும். அல்லது துருவேறி இற்றுப்போயிருக்கும்.

அதை மாற்றும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பட்டறையில் கனத்த சேனல் இரும்பை வெட்டி, இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு சேஸிஸோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். எது வந்து இடித்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது.

வளைவதே பம்பரின் வேலை

இடியைத் தான் வாங்கி வளைந்து, சேஸிஸைக் காப்பதற்காகவே பம்பர் இருக்கிறது. வளையாத இரும்பு அந்த அதிர்ச்சியை அப்படியே சேஸிஸுக்கு அனுப்பிவிடும். வளைந்த பம்பரை மாற்றிக்கொள்ளலாம். சேஸிஸில் விரிசல் விட்டால் செலவு தாங்காது. வெல்டிங் சூடும் அந்த இடத்தின் வலுவைக் குறைக்கிறது. மேலும், பின்பாரம் ஏறினால் மாட்டு வண்டியின் நுகத்தடி மேலே தூக்குவதை விவசாயிகள் அறிவார்கள். பின் அச்சுக்கு அப்பால் வீணாகக் கனம் ஏற்றினால் பிக்கப் வண்டிக்கும் அதே நிலைதான். முன் சக்கரத்தின் பிடிப்பு குறையும்.

இவற்றைவிடப் பெரிது உயிர். விடியற்காலை இருட்டில் சந்தைக்குப் போகும் வண்டியின் பின்னால் வருபவர் பக்கத்து ஊர்ப் பால்காரராக இருக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முனை அவர் காலைப் பதம் பார்த்துவிடும். 2017ஆம் ஆண்டு டிசம்பரில், வண்டிகளின் முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. முன்புறத்துக்குச் சொன்ன நியாயம் பின்புறத்துக்கும் பொருந்தும்.

பொருத்தும் முறை

அதே மாடல் வண்டியின் பம்பர் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். போல்ட் துளைகள் அப்படியே பொருந்துவதால் வெல்டிங் தேவைப்படாது. பழையதைக் கழற்றுமுன் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் எளிதில் கழலும். பின்னர் சேஸிஸ் முனையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ முதலில் அதைச் சீர்செய்ய வேண்டும்.

பழைய போல்ட்டுகளை மீண்டும் போடலாகாது. தலையில் 8.8 என்று பொறித்த புதிய போல்ட்டுகளை ஸ்பிரிங் வாஷருடன் போடுவது நல்லது. எல்லாவற்றையும் முதலில் கையால் முடுக்கி, பம்பரை மட்டம் பார்த்து, அதன் பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

பின்விளக்கும் நம்பர் பலகையும் மறையாதிருக்க வேண்டும். சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பமே. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், இவற்றைச் சரியாக வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

துருவைத் தடுக்க

பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு இரும்பை வேகமாக அரிக்கும். சிந்திய யூரியாவும் எருவும் ஈரத்தை வைத்திருந்து துருவுக்குத் துணைபோகின்றன. ஆகவே உரம் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பம்பரின் உட்புறத்துக்கும் ரெட் ஆக்சைடு பூசுதல் வேண்டும்.

மாட்டின் கொம்பு முனையை மழுக்கி விடுவது அடுத்தவரைக் குத்தாதிருக்கத்தான். வண்டியின் பின்புறத்துக்கும் அந்த அக்கறை வேண்டும்.