தாள்களுக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும்

கோவை வட்டாரத்து ஊர்களில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் என்ன விளைந்தது, எவர் நெய்தனர், எந்தச் சந்தையில் எது விலைபோயிற்று என்று அறிய விழையும் ஆய்வாளர், இன்றும் முதலில் கையிலெடுப்பது பிரான்சிஸ் புக்கானன் என்னும் கும்பினி மருத்துவரின் பயண நூலையே. சீரங்கப்பட்டணம் 1799-இல் வீழ்ந்த மறு ஆண்டே அவர் இவ்வழி வந்தார். நூல் 1807-இல் இலண்டனில் அச்சேறியது. அவருக்குச் செய்தி சொன்ன நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடமும் வணிகரிடமும் அதனினும் நுண்ணிய கணக்குகள் இருந்திருக்கும். அவருடைய ஏடு காக்கப்பட்டது. இவர்களுடைய ஏடுகள் காக்கப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே.

இதனை எழுத எனக்குத் தகுதி குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பாட்டனார் தாராபுரத்தில் பருத்தி மண்டி நடத்தியவர். சிவப்புத் துணியில் கட்டிய அவருடைய பேரேடுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. வரவு செலவுக்கு நடுவே மழை பெய்த நாள், பேரன் பிறந்த நாழிகை, பள்ளிவாசல் கிணறு தூர்வாரியதற்கு யார் யார் எவ்வளவு தந்தனர் என்பனவெல்லாம் அவர் கையெழுத்தில் கிடந்தன. வீடு பாகம் பிரிந்தபோது அப்பெட்டி பழைய தாள் கடைக்கு எடைக்குப் போயிற்று. அப்போது நான் முதுகலைத் தமிழ் மாணவன். ஐங்குறுநூற்றில் உள்ளுறை தேடிக்கொண்டிருந்த நான்தான் அந்தக் கட்டுகளைக் கயிறிட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

தனியொருவர் ஆர்வம் எவ்வளவு காக்கும், எங்கே நின்றுவிடும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தக்க சான்று. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த அவர், நூல்கள், இதழ்கள், நாடக அறிக்கைகள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் எறிந்தவற்றையெல்லாம் ஈட்டிய பொருள் கொண்டு சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சிதறும் நிலையில் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைகொடுத்து வாங்கியது; ஆயினும் கடல் கடந்து கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தத் துணை நின்றது. இன்று ஓர் அறக்கட்டளை அதனை நடத்துகிறது. தமிழன் சேர்த்ததைக் காக்க அயலவர் பணம் தேவைப்பட்டதே என்ற நாணம் நமக்கு இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

பிரித்தானிய நூலகம் 2004-இல் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டம் இன்னும் ஒருபடி மேலானது. ஆர்க்கேடியா என்னும் கொடை நிறுவனத்தின் பொருளுதவியால் நடைபெறும் அத்திட்டத்தின் விதி எளிது: மூல ஆவணம் உரிய நாட்டை விட்டு நகராது; படி மட்டுமே எடுக்கப்படும்; அப்படி யாவர்க்கும் திறந்திருக்கும். இத்திட்டத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகச் சிற்றூர் வீடுகளில் கிடந்த பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நில ஆவணங்களையும் படியெடுத்துள்ளனர். எனினும் இலண்டனையே நம்பியிருத்தலும் ஆகாது. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் அந்நூலகத்தின் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. படி ஒன்று உள்ளூரிலும் இருத்தல் வேண்டும்.

கொங்கு நாட்டில் இப்பணிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. கோவைக்கிழார் எனப்பெற்ற இராமச்சந்திரன் செட்டியார் வழக்கறிஞர் தொழிலுக்கிடையே வரலாறு தொகுத்தார். ஈரோட்டில் வாழ்ந்து 2023-இல் மறைந்த புலவர் செ. இராசு, பட்டயமும் ஓலையும் தேடி ஊர் ஊராகச் சென்றவர். தமிழக இசுலாமியர் வரலாற்று ஆவணங்களையும் தொகுத்தளித்தவர். நம் சமுதாயம் தனக்குத் தானே செய்துகொள்ளாததை அவர் செய்தார்.

நம்மவர் ஈகையில் குறைந்தவர் அல்லர். கல்வி உதவிக்கும் திருமண உதவிக்கும் பள்ளிவாசல் திருப்பணிக்கும் கேட்டவுடன் தருகின்றனர். பள்ளிவாசல் புதுப்பிக்கும்போது பழைய அலமாரியில் இருந்த தாள்கள் எங்கே சென்றன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்த அலமாரியில் மைசூர் ஆட்சிக் காலத்துக் கன்னடமோ பாரசீகமோ இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இனாம் பத்திரம் இருக்கலாம். அரபுத்தமிழில் ஒரு பெண்மணி எழுதிவைத்த பாடலும் இருக்கலாம். நூல்களையே வக்ஃபு செய்து வைத்த மரபினர் நாம். 2025-ஆம் ஆண்டின் வக்ஃபுத் திருத்தச் சட்டத்தை ஒட்டிச் சொத்து விவரங்களை இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்றானபோது, நிர்வாகிகள் தேடியதும் இத்தகைய தாள்களைத்தான். அச்சட்டம் குறித்த வழக்கும் வாதமும் ஒருபுறம் இருக்கட்டும். தாள் இல்லாதவன் எந்தச் சட்டத்தின் முன்னும் இளைத்தவனே.

பெரியோர் சிலர் அஞ்சுவது எனக்குத் தெரியும். பத்திரம் வெளியே போனால் பங்காளி வழக்கு வரும், பழைய கடன் கிளம்பும் என்பர். இது வீண் அச்சம் அன்று. எனவேதான் மூலம் வீட்டைவிட்டு நகரலாகாது என்கிறேன். குடும்பத்தார் விரும்பாத தாளைப் படியெடுக்கலாகாது. எடுத்ததையும் அவர்கள் குறித்த காலம்வரை மூடிவைக்க வேண்டும். இவ்விரண்டையும் அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். சாதி, சமயம் பாராமல் கோவில் கணக்கும், சந்தைச் சீட்டும், மூடிய பஞ்சாலைகளின் கூலிப் பதிவேடும் அதனுள் அடங்க வேண்டும். 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது முதல் இந்நகரை உருவாக்கியோர் பெயர்களெல்லாம் அக்கூலிப் பதிவேடுகளில் அன்றி வேறெங்கே உள்ளன?

பெருஞ்செலவும் இல்லை. ஒரு நல்ல புகைப்படக் கருவி, அதனைக் குப்புற நிறுத்தும் தாங்கி, இரண்டு விளக்குகள், படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வன்தட்டுகள், பயிற்சி பெற்ற இரு மாணவர்க்கு உதவித்தொகை. இவை ஒரு விழாப் பந்தலின் செலவுக்குள் அடங்கும். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும் முறையை மாணவர் ஒரு நாளில் கற்பர். கிழிந்த தாளில் ஒட்டுநாடா ஒட்டுவதையும், பத்திரத்தைக் காப்பதாக எண்ணி நெகிழித்தாளுக்குள் சூடேற்றி அடைப்பதையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. பின்னதைப் பிரித்தெடுக்க இயலாமல் நான் தவித்ததுண்டு.

தொடக்கத்தை எங்கள் துறையிலிருந்தே செய்கிறோம். இத்துறை முன்பு வெளியிட்ட மலர்களே எங்களிடம் முழுமையாக இல்லை. விடுபட்ட இதழ்கள் பழைய மாணவர் இல்லங்களில் இருக்கக்கூடும். அவற்றையோ, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கணக்கேட்டையோ எவரும் தூக்கிக்கொண்டு வர வேண்டா. யாரேனும் ஒரு மாணவரிடம் சொல்லியனுப்பினால் போதும். கருவியோடு நாங்களே வருகிறோம், உங்கள் திண்ணையிலேயே படியெடுத்து ஏட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம்.