கூரையைக் காத்த கைகள்

பழைய வீடொன்றைப் பாதுகாத்தல் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, சுற்றிலும் வேலியிட்டு, வாயிலில் அறிவித்தற் பலகை நாட்டி, உள்ளே எவரும் குடியிராது விட்ட ஒரு கட்டடமே. அத்தகைய பாதுகாப்புச் சுவரைக் காக்கும். வீட்டைக் காக்குமா என்பது ஐயத்திற்குரியது. இவ்வையத்திற்கு விடை கூறவல்ல இல்லமொன்று யப்பானிய மலைநாட்டில் உண்டு.

கிபு மாகாணத்தில், சோ ஆற்றின் கரையில் அமைந்தது ஓகிமாச்சி என்னும் சிற்றூர். சிராகவாகோ எனப்படும் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இவ்வூரில், செங்குத்தான புற்கூரை வேய்ந்த வீடுகள் ஏறத்தாழ 60 நிற்கின்றன. கூரையின் இரு புறமும் சாய்ந்து முகட்டிற் சேரும் தோற்றம் கூப்பிய கைகளை ஒத்திருப்பதால், யப்பானியர் இவ்வமைப்பைக் 'கஷ்ஷோ' என்பர். பனி மலையெனக் குவியும் அந்நாட்டில் இச்சாய்வு அழகுக்காக அமைந்ததன்று. பனி வழுக்கி விழுதற்காக அமைந்தது. 1935 ஆம் ஆண்டு அங்கு சென்ற யேர்மனியக் கட்டடக் கலைஞர் புறூனோ ரவுற், இவ்வீடுகளின் அமைப்பிலுள்ள நியாயத்தை வியந்து உலகிற்கு எடுத்துரைத்தார்.

இவ்வூரில் மிகப் பெரியது வாதா குடும்பத்தாரின் இல்லம். எடோ காலத்தில் எழுந்த இவ்வில்லத்தின் தலைவர்கள் ஊர்த் தலைமையும் வகித்தனர். வெடியுப்பு வணிகமும் செய்தனர். தரைக்குக் கீழே மண்ணையும் இலைதழைகளையும் பட்டுப்புழுவின் எச்சத்தையும் சேர்த்துப் புளிக்கவைத்து வெடியுப்பு எடுத்தனர். கூரைக்குக் கீழான பரண்களிற் பட்டுப்புழு வளர்த்தனர். நெல் வயல் அருகிய நிலத்தில், வீடே அவர்களுக்கு வயலாயிற்று.

இவ்வீடுகள் கட்டப்படும் முறையில் ஒரு செய்தி என் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. கீழ்த் தளத்தை ஆக்குவோர் தொழில்முறைத் தச்சர். கூரையின் கட்டுமானமோ ஊரவரின் வேலை. ஆணி அறையாது, கயிற்றாலும் வளையும் இளங்கொம்புகளாலும் மரங்களைப் பிணைப்பர். கூரை பழுதாகுங்காற் பழைய புல்லைக் களைந்து புதிதாக வேயவேண்டும். அப்போது நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி, ஓரிரு நாளில் அதனை முடிப்பர். 'யுயி' எனப்படும் இக்கூட்டுழைப்பிற்குக் கூலியில்லை. இன்று என் கூரைக்கு வந்தவனுடைய கூரைக்கு நாளை நான் செல்லவேண்டும் என்பதே கடன். ஆகவே, தனியொருவன் செல்வனாயிருந்தும், அயலார் இன்றித் தன் வீட்டைக் காத்தல் அரிது.

இதனால், அயல் சிதைந்தபோது வீடுகளும் சிதைந்தன. 1924 இல் சிராகவாவில் ஏறத்தாழ 300 ஆக இருந்த கஷ்ஷோ வீடுகள் 1961 இல் 190 ஆகக் குறைந்தன. அவ்வாண்டு நிறைவுற்ற மிபோரோ அணைக்கட்டு மேற்புற ஊர்களை நீரில் ஆழ்த்தியது. பிழைப்புத் தேடி நகர்களுக்குப் பெயர்ந்தோரும் பலர். 1971 இல் ஓகிமாச்சி மக்கள் தாமே கூடிச் சங்கம் அமைத்து, 'விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என உறுதி பூண்டனர். அரசு இவ்வூரைப் பாதுகாப்புக்குரிய வட்டாரமாக ஏற்றது 1976 இல். யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது 1995 இல். இவ்வரிசை கவனத்திற்குரியது: மக்களின் உறுதி முன்னே சென்றது, சட்டமும் புகழும் பின்னே வந்தன.

புகழ் புதிய சுமைகளையும் கொணர்ந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயிரத்திற்கும் குறைவானோர் வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். கூட்டம் மிகுந்தமையால், குளிர்கால விளக்கொளி விழாவுக்கு 2019 முதல் முன்பதிவு வேண்டியதாயிற்று. தம் வீட்டைத் தம் விருப்பப்படி விற்கவோ மாற்றவோ இயலாமை வாழ்வோருக்கு இழப்பே. தொழிலாளரைக் கொண்டு மானியப் பணத்தில் வேயப்படும் கூரைகளும் இன்று பல. ஆயினும் வாதா இல்லத்தின் ஒரு பகுதியையே காண்போருக்குத் திறந்துவிட்டு, மறுபகுதியில் அக்குடும்பத்தார் இன்றும் வாழ்கின்றனர். அடுப்பின் புகையேறிய கூரையே பூச்சியரிக்காது நெடிது நிற்கும். ஆளற்று அடுப்பணைந்த வீடு விரைவில் உளுத்துப்போகும். குடியிருத்தலே அங்கு முதற் பாதுகாப்பு.

மரபைப் பேணுதல் பற்றி மாணவர்க்குப் போதிக்கும் ஆசிரியர்கள் இவ்வூரை எடுத்துக்காட்டுவார்களாயின், வீட்டின் வயதையும் கூரையின் உயரத்தையும் கூறியபின் இன்னுமொரு வினாவை வகுப்பின் முன் வைத்தல் நன்று: அடுத்த முறை கூரை வேயும் நாளில், அழைத்தால் ஏணியில் ஏறுவதற்கு அயலில் எத்தனை பேர் இருப்பர்? அவ்வெண்ணிக்கை குறையாதிருக்கும் வரையில் வீடும் இருக்கும்.