யார் ஜவாப்தாரி?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கிழவர்களுக்கும், தகப்பனை இழந்த குழந்தைகளுக்கும், உழைக்கச் சக்தியற்றவர்களுக்கும் சர்க்கார் மாதந்தோறும் உதவிப் பணம் கொடுத்து வருகின்றது. 1935-ம் வருஷத்துச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களுமே இதற்கு ஆதாரம். வாங்குபவர் மைனராகவோ தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவராகவோ இருந்தால், பணம் அவருக்காக வேறொருவர் கையில் கொடுக்கப்படும். அதை அவருடைய சோறு, துணி, வாடகை, வைத்தியம் ஆகியவற்றிற்குச் செலவழித்து, மிச்சத்தை அவர் பேரிலேயே சேர்த்து வைக்க வேண்டும்.

சரி, கணக்குத் தவறி அதிகப் பணம் போய்விட்டால் திருப்பிக் கட்ட வேண்டியவர் யார்?

பணம் உரியவருக்கே யோக்கியமாய்ச் செலவாகி, பெற்று நடத்தியவர் மீது குற்றமில்லையானால், கடன் உரியவருடையது. நடத்தியவர் தன் சுகத்திற்குச் செலவழித்திருந்தாலோ, உரியவர் இறந்த பின்னும் வாங்கியிருந்தாலோ, அவரே ஜவாப்தாரி. உண்மையை மறைத்து வாங்கி உரியவருக்கே செலவழித்திருந்தால், இருவரும் ஜவாப்தாரிகள். இது சட்டம், கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது.

ஆனால் நடந்தது என்ன? இப்படிப்பட்ட பழைய கடன்களை வசூலிக்க இருந்த பத்து வருஷக் கெடு 2008-ல் எடுபட்டது. அதன் பின், சிறு பிள்ளையாய் இருந்தபோது பெற்றோர் கையில் போன பணத்திற்காக, வளர்ந்து ஆளானவர்களின் வருமான வரிப் பாக்கியைச் சர்க்கார் பிடித்துக்கொண்டது. கூக்குரல் எழவே, 2014 ஏப்ரலில் பத்து வருஷத்திற்கு மேற்பட்ட கடன்களுக்கு அப்படிப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. பணத்தைக் கண்ணால் காணாத குழந்தை, கையெழுத்துப் போடாத குழந்தை, எந்த நியாயத்தினால் கடனாளி? தகப்பன் கடன் பிள்ளையின் தலையெழுத்து என்பதா?

2018-ல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. ராஜ்ய சர்க்காரின் பராமரிப்பிலிருக்கும் குழந்தைக்காக அந்தச் சர்க்காரே பணத்தைப் பெற்று வந்திருந்தால், அதிகப்படிக்கு அதுவே ஜவாப்தாரி, குழந்தையல்ல. இதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பிரிவு சர்க்கார் கையிலிருந்த குழந்தைகளோடு நின்றுவிட்டது. பெற்றோர் கையில் பணம் போன குழந்தை மாத்திரம் என்ன பாவம் செய்தது?

ஓலை வந்ததும் பயந்து கட்டிவிட வேண்டியதில்லை. கணக்கே தவறென்றால் அறுபது நாளைக்குள் ஆட்சேபிக்கலாம். தன்மேல் குற்றமில்லை, கட்டினால் பிழைப்புக்கு வழியில்லை என்றால், தள்ளிவிடும்படி எப்பொழுது வேண்டுமானாலும் மனுச் செய்துகொள்ளலாம்.

பொதுஜனங்களின் பணம் திரும்ப வரவேண்டியதுதான். ஒருபோதும் நாம் மறுக்கவில்லை. ஆனால் பணப்பையைப் பிடித்த கையைத்தான் கேட்க வேண்டுமே தவிர, அருகில் பசியோடு நின்ற குழந்தையின் கையை அல்ல.