விலை குறைந்த சர்க்கரை மாத்திரை: நாமே மாற்றிக்கொள்ளலாமா?

எம்பாக்ளிஃப்ளோசின். 2025 தொடக்கம் வரை இந்தச் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றின் விலை சுமார் 60 ரூபாய். அந்த ஆண்டு மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைத் தங்கள் பெயரில் கொண்டுவந்தன. சில பிராண்டுகள் 10 ரூபாய்க்கும் குறைவு.

நல்ல செய்திதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆனால், "அந்த மாத்திரை இப்போ சீப்பாமே, அப்பாவுக்கு அதையே வாங்கிடலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். எல்லா மாத்திரையும் சுகரைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்யும் இடம் வேறு.

எது எங்கே வேலை செய்கிறது?

மெட்ஃபார்மின்: நாம் சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். அதை இது குறைக்கிறது. தனியாக எடுத்தால் லோ சுகர் ஆவது அரிது. பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்.

கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு: கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. சுகர் ஏற்கெனவே குறைவாக இருந்தாலும் விடாது. மாத்திரை போட்டுவிட்டு, மீட்டிங் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சிக்கல்தான்.

சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின்: சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சீக்கிரம் சிதையாமல் காப்பவை. சுகர் ஏறும்போதுதான் இன்சுலினைக் கூட்டும்.

எம்பாக்ளிஃப்ளோசின்: சிறுநீரகம் தினமும் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடும். இந்த மருந்து அந்த வழியை அடைப்பதால் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறும். எனவே இதை எடுப்பவர்களுக்கு யூரின் டெஸ்டில் சர்க்கரை தெரிவது இயல்பு; பதற வேண்டாம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

எம்பாக்ளிஃப்ளோசின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பலன் தருவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, உடலில் நீர் குறைவது போன்றவை வரலாம். அரிதாக, ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகும். அப்போது சுகர் அளவு பெரிதாக ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர் இதையும் தானாகச் சேர்த்துக்கொண்டால் லோ சுகர் ஆகலாம். இன்சுலினை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது அதைவிட ஆபத்து.

லோ சுகர் ஆனால்?

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். 70-க்குக் கீழே போனால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைக்குத்தான்.

மிச்சம் பிடிக்க வழி இல்லையா?

இருக்கு. வீட்டில் உள்ள மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள்கூட இருக்கும். அதே மருந்து, அதே மில்லிகிராம், வேறு பிராண்டு என்றால் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ கேட்டு மாறலாம். மருந்தே வேறு என்றால் டாக்டர் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த செக்-அப்புக்கு அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். "இதுலயே விலை குறைஞ்சது இருக்கா டாக்டர்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். விலை கட்டுப்படியாகாமல் மாத்திரையைப் பாதியில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.