கலைப் பட்டதாரிக்கு ஒரு வாசல் மட்டுந்தானா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் ஓவியம் பயிலும் தமிழ் பேசும் மாணவர் பலரின் எதிர்பார்ப்பு, சித்திரபாட ஆசிரியர் நியமனம் ஒன்றே. அது தாமதிக்கும்போது தூரிகையும் ஓய்ந்துவிடுகின்றது.

ஆயினும் வேறு வாசல்களும் உள்ளன. 2019 இல் கொழும்பில் திறக்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தமிழிலும் இயங்குகின்றது. கண்காட்சி ஒழுங்கமைப்பு, ஆவணப்படுத்தல், நூல் வடிவமைப்பு ஆகியவற்றுக்கும் பயிற்சி பெற்ற கண்களும் கைகளும் தேவை.

இத்துறைகளில் நிலைபெறக் கைத்திறன் மட்டும் போதாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிவு எதுவுமின்றியே படைப்பாளிக்கு உரிமை வழங்குகின்றது. அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கின்றது. இதனை அறியாத மாணவர், அட்டைப்படம் ஒன்றை வாய்ப்பேச்சின் பேரில் கொடுத்துவிட்டு, அது மீண்டும் மீண்டும் அச்சாவதைப் பார்த்து நிற்க நேரிடுகின்றது.

விலை மதிப்பிடுதல், உடன்படிக்கை எழுதுதல், படைப்புகளை ஆவணப்படுத்துதல் ஆகியன இறுதியாண்டிலேனும் கட்டாய பாடமாக வேண்டும். பட்டத்தை மட்டும் கையளித்துவிட்டு, வேலையற்றோர் பெருகுகின்றனர் என வருந்துவதில் பயனில்லை.