விமானியின் கையை முடக்கிவிட்டு அவன் தலையிலே பழி!

விமானம் விழுந்தால் மறுநாளே தீர்ப்பு வந்துவிடுகிறது: விமானி தவறு செய்தான்! செத்தவன் எழுந்து வந்து வாக்குமூலம் கொடுக்கமாட்டான் அல்லவா? கம்பெனிக்கு இதைவிடச் சௌகரியமான குற்றவாளி கிடைப்பானா?

2009-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி. பிரேசிலின் ரியோ நகரிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் நள்ளிரவு கடந்து அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் மாண்டனர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. வேகம் தெரியாமல் போகவே, அதுவரை ஓட்டிவந்த ஆட்டோபைலட் யந்திரம் 'இனி உன் பாடு' என்று கையை விட்டது. சுமார் ஒரு நிமிஷத்தில் குழாய்கள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குள் துணை விமானி மூக்கை மேலே தூக்கிவிட்டார். 35,000 அடியில் பறந்த விமானம் 38,000 அடிவரை ஏறி, இறக்கைகள் காற்றுப் பிடிப்பை இழக்க, மூக்கு நிமிர்ந்தபடியே கீழே சரிந்தது. எச்சரிக்கைக் குரல் 50 விநாடிகளுக்கு மேல் விடாமல் ஒலித்தது. நாலரை நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது.

தவறு செய்தாரா? செய்தார். அதை மறைக்க நாம் வரவில்லை. ஆனால் பிரெஞ்சு விசாரணைக் குழு 2012-ல் வெளியிட்ட அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. அவ்வளவு உயரத்தில், வேகம் தெரியாத நிலையில், கையால் ஓட்ட அந்தத் துணை விமானிகளுக்குப் பயிற்சியே தரப்படவில்லை! அந்த உயரத்தில் ஆட்டோபைலட்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. வேலையில் பழக வழியில்லை. தரையில் சிமுலேட்டரில் பழக்கவும் இல்லை. பின்னே எங்கே கற்பான்? கனவிலா?

அந்த நேரம் காப்டன் ஓய்வெடுக்கப் போயிருந்தார். தனக்குப் பதில் யார் பொறுப்பு என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இருந்த இருவரில் ஒருவர் பிடியை இழுத்துக்கொண்டே இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை. தான் வெகு நேரமாக இழுத்துக்கொண்டிருப்பதாக அவர் வாய்விட்டுச் சொன்னது, கடலைத் தொட ஒரு நிமிஷம்கூட இல்லாதபோதுதான்.

கை மறந்துபோகிறது என்பது சர்க்கார்களுக்குத் தெரியாததல்ல. கையால் ஓட்டும்போது நேரும் பிழைகள் கூடிவிட்டன, முடிந்த போதெல்லாம் கையால் ஓட்டவிடுங்கள் என்று அமெரிக்க விமான இலாகா 2013 ஜனவரியில் கம்பெனிகளுக்கு எழுதியது. எழுதியது யோசனைதான், உத்தரவு அல்ல!

கையும் கூட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? 1989 ஜூலை 19-ந் தேதி அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் என்ஜின் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் எண்ணெய் அழுத்தக் குழாய்கள் மூன்றும் செத்தன. காப்டன் ஆல் ஹெய்ன்ஸ் 'நானே ராஜா' என்று உட்காரவில்லை. பிரயாணியாக வந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவ முன்வந்தபோது அவரை உள்ளே சேர்த்துக்கொண்டார். மிஞ்சிய இரு என்ஜின்களின் விசையை ஏற்றி இறக்கியே முக்கால் மணி நேரம் ஓட்டி, சூ சிட்டி நகரில் இறக்கினார்கள். 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள்.

அந்தக் கூட்டு வேலைக்கும் பயிற்சி இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு பிரயாணிகள். 1978-ல் போர்ட்லண்டு அருகே காப்டன் சக்கரக் கோளாற்றிலேயே மூழ்கியிருக்க, எண்ணெய் தீருகிறது என்று என்ஜினீயர் சொன்னது காதில் ஏறவில்லை. பத்துப் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகே கீழே இருப்பவன் துணிந்து பேசவும் மேலே இருப்பவன் கேட்கவும் பாடம் நடத்தினார்கள்.

இப்போது புதுச் சரக்கு! நெடுந்தூர விமானத்தில் நடுவழியில் ஒருவர் தூங்கட்டும், ஒருவரே ஓட்டட்டும். மூன்றாவது, நாலாவது விமானிக்குச் சம்பளம் எதற்கு என்று ஐரோப்பிய விமான முதலாளிகள் திட்டம் தீட்டினார்கள். இரண்டு பேர் விழித்திருந்தும் அட்லாண்டிக்கில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். மருந்து, பயிற்சியைக் கூட்டுவதா, ஆளைக் குறைப்பதா? ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு ஸ்தாபனமே ஆராய்ந்து, இருவர் ஓட்டுவதற்குச் சமமான பத்திரம் இதில் இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை என்று 2025-ல் சொல்லிவிட்டது. கைவிட்டார்கள் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

லட்சக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் பிள்ளை ஏறுவதும் விமானத்தில்தானே, தோழரே! ஆளைக் குறைத்து, மிஞ்சியவன் தலையில் கூடுதல் பக்கத்தைக் கட்டி, நூல் அறுந்தால் அவனுக்கே மெமோ கொடுக்கும் வித்தையை மில்லில் நிற்பவனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யந்திரத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. இரவு முழுதும் விமானத்தை நேரே கொண்டுபோகும் ஆட்டோபைலட் நல்ல உதவிக்காரன். அது கையை விடும் நிமிஷத்துக்குத் தயாராக, கம்பெனிச் செலவில், வேலை நேரத்திலேயே கையால் ஓட்டும் பழக்கம் கொடு. ஓட்டும் அறையில் எப்போதும் இரண்டு பேரை வை!