நல்ல நாளும் நம் கணக்கும்



ஐப்பசி பிறந்தால் பதுளைக் கடைவீதிக்குத் தனிக் களை வந்துவிடும். பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலி எல என்று எல்லாப் பக்கத்து பஸ்களிலும் தோட்டத்துச் சனம் வந்திறங்கும். நடைபாதையில் சேலை, சட்டை, பிள்ளைகளின் சப்பாத்து எல்லாம் குவிந்து கிடக்கும். இந்த நாட்களில் வேலை நிமித்தம் லயங்களுக்குப் போனால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "மிஸ், உங்களுக்குச் சாமி இல்லாட்டி நல்ல நாளும் இல்லையா?"

கேள்வியில் கேலி இல்லை, கரிசனைதான் இருக்கிறது. ஆகவே அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நான் கடவுளை வணங்குவதில்லை. தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதிலும் நாட்டமில்லை. பண்டிகைக்கென்று புதிதாக எதையும் வாங்குவதில்லை. இது நமது நாட்டுக்குப் புதிய விடயமும் அல்ல. கொழும்பில் வாழ்ந்த டாக்டர் கோவூர் 1978இல் காலமாகும்வரை பகுத்தறிவைப் பேசியவர். அதற்கு முன்பே இளஞ்செழியன் தலைமையிலான இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகத்தினர் தோட்டங்களில் சாதி ஒழிப்பையும் பகுத்தறிவையும் பேசினார்கள். 1962இல் அந்தக் கழகம் தடை செய்யப்பட்டது.

ஆனால் என் வழக்கத்தை உங்களுக்கு உபதேசமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என்னிடம் நான்கு சேலை இருப்பது நானாகத் தெரிந்தெடுத்த எளிமை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவளிடம் ஒரு சேலை மட்டும் இருப்பது எளிமையல்ல, இழப்பு. 2009 ஒக்டோபரில் தீபாவளி வந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இன்னும் இலட்சக்கணக்கானோர் முட்கம்பிக்குள்ளே இருந்தார்கள். அங்கிருந்த பெண்ணிடம் போய் "குறைவாக வாழ்வது நல்லது" என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் ஊவாவிலும் பண்டிகைக் காலம் துக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டார்கள். தீபாவளியை ஒட்டிய நாள் அது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தீபாவளி முடிந்து ஒரே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இப்படி இழந்தவர்களுக்கு ஐப்பசி வேறு மாதிரித்தான் விடியும். கொண்டாட மனமில்லாதவரைக் கொண்டாடச் சொல்லி வற்புறுத்துவது அன்பாகாது. கொண்டாட நினைப்பவரைப் பார்த்து "இத்தனை இழந்தும் இவளுக்குப் பண்டிகை கேட்கிறதா" என்று பேசுவதும் நியாயமாகாது.

அப்படியானால் குறைக்க வேண்டியது எதை? என் எண்ணத்தில் மூன்று சுமைகள்.

முதலாவது கடன். தோட்டங்களில் தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள். அது அன்பளிப்பு அல்ல. பின்னர் வரும் மாதங்களில் சம்பளத்தில் கழிபடும் பணம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,160 ரூபா போக மிச்சம் 24,840. உதாரணத்துக்கு, 20,000 ரூபா முற்பணத்தை 10 மாதத்தில் கழிப்பதானால் மாதம் 2,000 போகும். கைக்கு வருவது 22,840. சங்கச் சந்தாவும் கடைப் பற்றும் இனித்தான். சம்பளம் கூடினாலும் இந்தக் கணக்கின் வழி மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார்த்திகையில் தொடங்கும் கழிவு ஜூலை, ஓகஸ்ட் மட்டும் நீளும். ஊவாவில் வறண்ட காற்று வீசும் காலம் அது. அந்தக் காலத்துத் தேயிலைக்குத்தான் உலகச் சந்தையில் பெரும் பெயர். ஆனால் செடியில் கொழுந்து குறைந்திருக்கும். வருமானம் சுருங்கும் மாதத்திலும் போன வருடச் சேலையின் கடன் கழிந்துகொண்டிருக்கும். அது முடிந்த கையோடு அடுத்த தீபாவளி வந்துவிடும். வன்னியில் நுண்கடன் தவணையோடு போராடும் சகோதரிகளுக்கு இந்தச் சுழல் நன்றாகவே விளங்கும்.

இதற்காகப் புதுச்சட்டை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வருடம் முழுவதும் கிழிந்த உடையோடு மலைக்குப் போகிறவளுக்கு அந்த ஒரு புதுச்சேலை தன்மானம். பிள்ளைக்குப் புதுச்சட்டை, பெரியவர்களுக்கு இருப்பதில் நல்லது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். நம்பிக்கையான பத்துப் பேர் தை மாதத்திலேயே சேர்ந்து மாதம் 500 ரூபா எடுத்து வைத்தால் பத்து மாதத்தில் ஆளுக்கு 5,000 சேரும். முற்பணத்தில் அந்த அளவையாவது குறைக்கலாம். முற்பணத்தில் ஒரு பங்கு சாராயக் கடைக்குப் போகாமல் பார்ப்பதும் இதில் அடக்கம். பணம் வந்த அன்றே பிள்ளைகளின் தேவையை வாங்கிவிடுவது நல்லது என்பது பல பெண்கள் எனக்குச் சொன்ன அனுபவம்.

இரண்டாவது, கூச்சம். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1920களில் எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தோம். கொடுப்பதும் வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் மனிதரைப் பிணைக்கும் கடமைகள் என்பது அவர் கருத்து. எங்கள் லயத்துப் பெண்களுக்கு இதைப் படிக்காமலே தெரியும். பலகாரத் தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி சீனியில் உறவு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்குச் சமமாகச் செலவழித்தால்தான் மரியாதை என்ற எண்ணம் வந்தபோதுதான் உறவு போட்டியாகிவிட்டது.

மூன்றாவது சுமைக்குக் காசே தேவையில்லை, ஆனாலும் எல்லாவற்றையும்விட அதுதான் பாரம். நல்ல நாள் காலையில் கணவனை இழந்தவளை ஓரமாக நிற்கச் சொல்வது. பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைக்க, விளக்கேற்ற, முதற் பலகாரம் எடுத்துக் கொடுக்க வேறொருத்தியைத் தேடுவது. குண்டிலும் ஷெல்லிலும் கணவனைப் பறிகொடுத்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவளின் கை எப்படி அமங்கலமாகும்? சாமி உண்டா இல்லையா என்று நான் உங்களோடு வாதிட மாட்டேன். ஆனால் இந்த வழக்கத்தைக் கைவிடச் சாமியை விடவேண்டிய அவசியமில்லை. கும்பிடுகிற வீட்டிலும் விடலாம்.

குறைந்த செலவில் நிறைந்த மகிழ்ச்சி நமக்குப் புதிதல்ல. மாசியில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவரும் தோட்டத்தவர், பார்க்கிறவரும் தோட்டத்தவர். ஊரே கூடி நடத்துகிறது, யாருடைய சேலை புதிது என்று எவரும் பார்ப்பதில்லை. உங்களில் சிலரின் தாத்தா பாட்டி 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர்களிடம் கேட்டால் இந்தக் கூத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே என்னைக் கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். எனக்கும் நல்ல நாள் உண்டு. அன்று நாலு வீடு போவேன், கொடுத்ததைச் சாப்பிடுவேன், பிள்ளைகளோடு இருப்பேன். கடிதம் எழுத, படிவம் நிரப்ப யாருக்காவது உதவி வேண்டுமானால் செய்து கொடுப்பேன். நீங்கள் சாமி கும்பிட்டுக் கொண்டாடினாலும் சரி, கும்பிடாமல் இருந்தாலும் சரி, வரும் நல்ல நாளில் உங்கள் பிள்ளையின் தலையில் எண்ணெயை நீங்களே வையுங்கள். யாரும் தடுத்தால், வளர்த்த கை இது என்று சொல்லுங்கள்.